தகுந்த காரணம்

1

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா போனில் கேட்டாள். "ஏன்டா முரளி, உங்க ஊர்ல கத்தி வச்சிருக்கற பசங்களுக்குச் சட்டத்த இன்னும் கடுமையாக்கப் போறாங்களாமே, டிவில சொன்னான். நல்லதுதானே?"

மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் "ரொம்ப நல்லது" என்று உடனே சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். அக்காவும் விட்டுவிட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

லண்டனின் கிழக்கு ஓரத்தில் ஒரு பஸ் டிப்போவில் எனக்கு வேலை. பழுது பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர். அதற்கு முன்னால் திருச்சி அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். மனைவி கலா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நாங்கள் வந்தோம். கவின் அப்போது கைக்குழந்தை. இப்போது பதினாறு நடக்கிறது.

அடுத்த தெருவில் யோகம் அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கலாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஷிப்ட் விழுகிற நாட்களில் கவினைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சோறு போட்டவர் அவர்தான். கவினுக்கு அவர் ‘ஆன்ட்டி’. அவருடைய ஒரே மகன் பிரணவன் கவினைவிட மூத்தவன். கால்பந்து விளையாடிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவனை இன்னொரு பையன் கத்தியால் குத்திவிட்டான். வேறு யாரோ என்று நினைத்துக் குத்தியிருக்கிறான். பிரணவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு யோகம் அக்கா ஒவ்வொரு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். கத்தியோடு பிடிபடுகிற பையனுக்கு எச்சரிக்கை எல்லாம் கூடாது, முதல் தடவையே சிறை என்று சட்டம் வர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நான் பேசவும் செய்தேன். "பயம் இருந்தாத்தான் பசங்க அடங்குவாங்க. எங்க திருச்சில தெருமுனைல போலீஸ்காரர் வந்து நின்னாலே சைக்கிள விட்டு இறங்கிடுவோம்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கவின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

2

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பிரேக் சரியில்லாத பஸ் ஒன்றின் கீழே படுத்திருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் போலீஸ் பேசினார். உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான் என்றார். நான் பேசுவதற்குள், அவனுக்கு அடி எதுவும் படவில்லை என்றார். அந்த ஒரு மூச்சு நேரம் நான் எத்தனை சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. பிறகு, ரோட்டில் நிறுத்திச் சோதித்தபோது அவன் பையில் ஒரு கத்தி இருந்தது என்றார்.

சின்ன வயதுப் பிள்ளைகளை விசாரிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது இங்கே விதி. அப்படி உட்காருகிறவருக்கு ‘அப்ரோப்ரியேட் அடல்ட்’ என்று பெயர். தகுந்த பெரியவர். கிரீஸ் கறை படிந்த சட்டையோடு போய் அந்தத் தகுந்த பெரியவராக நான் உட்கார்ந்தேன்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் கத்தி இருந்தது. பச்சைக் கைப்பிடி. கலா காய் நறுக்குகிற கத்தி. நான்தான் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று கொஞ்ச நாளாக அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இங்கே கடைகளில் கத்தியைப் பூட்டி வைத்திருப்பார்கள். வயதைக் காட்டாமல் வாங்க முடியாது. அந்தச் சட்டமெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் எங்கள் அடுப்படிக்கு ஏது பூட்டு?

அதிகாரி கேட்டார். "இதை வைத்திருக்க உனக்குத் தகுந்த காரணம் ஏதாவது உண்டா?"

அந்தக் கேள்விதான் சட்டம் என்று, கவினுக்காக ஏற்பாடு செய்திருந்த வக்கீல் பெண் நாங்கள் அறைக்குள் போகும் முன்பே சொல்லியிருந்தாள். சமையல்காரன் வேலைக்குக் கொண்டு போனால் அது காரணம். தச்சன் கொண்டு போனால் காரணம். தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்றால் காரணம் ஆகாது.

எனக்குள் ஆயிரம் காரணங்கள் ஓடின. கோயிலுக்குப் பழம் நறுக்க நான்தான் எடுத்து வரச் சொன்னேன் என்று சொல்லலாம். டிப்போவில் ரப்பர் வெட்டக் கேட்டேன் என்று சொல்லலாம். திருச்சியாக இருந்தால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போதே யாராவது தெரிந்தவரைப் பிடித்திருப்பேன். "சார், பழம் வெட்ட வச்சிருந்தான் சார், நல்ல பையன் சார்" என்று அவரும் கூட நின்று பேசியிருப்பார். நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையை லேசாக உயர்த்தினார். உங்கள் மகன் சொல்லட்டும், அவனுக்காக நீங்கள் பதில் சொல்லக் கூடாது என்றார்.

கவின் ஆங்கிலத்தில் சொன்னான். குளிர்காலத்தில் கால்வாய் ஓரச் சந்தில் இரண்டு பேர் அவனை மறித்து போனைப் பிடுங்கியிருக்கிறார்கள். யாரிடமாவது சொன்னால் அடுத்த தடவை குத்துவோம் என்றிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகும் அதே சந்தில்தான் நின்றார்கள். வீட்டுக்கு வர வேறு வழி என்றால் சுற்றிக்கொண்டு பிரணவன் விழுந்த ரோட்டில் வர வேண்டும்.

"நான் அதை வெளியே எடுத்ததே இல்லை. பையில் இருக்கிறது என்று தெரிந்தால் நடக்க முடிந்தது" என்றான்.

போன் தொலைந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லியிருந்தான். "உனக்குப் பொறுப்பே கிடையாது" என்று நானும் ஒரு வாரம் கத்தியிருந்தேன்.

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். "நீ பயந்தது எனக்குப் புரிகிறது" என்றார். "ஆனால் பயம் தகுந்த காரணம் இல்லை. அதை ஒப்புக்கொண்டால் இந்தத் தெருவில் எல்லார் பையிலும் ஒன்று இருக்கும்."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "ஏன்டா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்னப்பா பண்ணிருப்பீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

3

கலா அன்றைக்கு ஸ்ரீரங்கத்து அக்காவுக்குப் போன் போட்டாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "அண்ணி, கவின் ஸ்கூல் விட்டு வர்றப்ப கத்தி…" என்பதற்கு மேல் முடியவில்லை.

"கத்தினானா? வயசுப் பையன் கத்தத்தான் செய்வான் கலா. அதுக்கா இப்படி அழுவுற?" என்றாள் அக்கா.

நான் போனை வாங்கி விளக்கினேன். அக்கா இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். பிறகு, "பிள்ளைய இங்க அனுப்பிடுடா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

முதல் தடவை என்பதாலும் உண்மையைச் சொன்னதாலும் விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. நிபந்தனையோடு ஓர் எச்சரிக்கை. இளைஞர்களோடு வேலை செய்யும் மார்சியா என்ற பெண்ணை அவன் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். இன்னொரு தடவை பிடிபட்டால் இந்தச் சலுகை கிடையாது. கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் ஊர் இனிஷியல் முறை இந்த நாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளும். அதனால் கவினுக்கு வந்த எல்லாக் கடிதமும் ‘அன்புள்ள மிஸ்டர் முரளி’ என்றுதான் ஆரம்பித்தது. அன்புள்ள மிஸ்டர் முரளி, பொது இடத்தில் உங்களிடம் கத்தி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த முதல் வரியை இரண்டு முறை படிப்பேன்.

மார்சியா பெரிதாகப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை என்று கவின் சொன்னான். முதல் சந்திப்பிலேயே, "நீ நடக்கிற வழியைக் காட்டு" என்று அவனோடு நடந்து வந்திருக்கிறாள். அதே பக்கம் வருகிற வேறு இரண்டு பையன்களைத் தேடிப்பிடித்து மூவரும் சேர்ந்து வர ஏற்பாடு செய்தாள். போன் பறித்த விஷயத்தையும் அவனைக் கொண்டே போலீஸில் சொல்ல வைத்தாள். சந்தில் நின்றவர்கள் சில நாளில் அங்கே நிற்பதை விட்டார்கள்.

அப்படியும் எனக்கு அக்கா சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரிசையாக பஸ்கள் டிப்போவுக்குள் திரும்பும்போது திருச்சியின் ஒன்றாம் நம்பர் பஸ் நினைவுக்கு வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கண்டக்டர் கூவுவது கேட்கும். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியே அடிக்கிற அந்த ஈரக்காற்று, பின்னால் மலைக்கோட்டை, முன்னால் ராஜகோபுரம். இங்கே மழையில் நனைந்த பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் அந்தப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருப்பேன். அங்கே இருந்தால் என் மகனுக்கு இது நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடை விடுமுறைக்குக் கவினோடு திருச்சிக்குக் கிளம்பினேன். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பிடித்துப்போனால் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டு வருவது என்று பேச்சு. கலா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் அவன் கையை விடாமல் நின்றாள்.

4

அக்கா வீடு ஸ்ரீரங்கத்தில் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. நாங்கள் போனபோது ஆடிப்பெருக்கு முடிந்து ஆறு நிறைய ஓடியது. மாடி அறையை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, மேஜை விளக்குகூட வாங்கி வைத்திருந்தாள். மன்னார்புரம் பக்கம் ஒரு பள்ளியில் பேசியும் முடித்திருந்தாள். வருஷ நடுவில் என்றாலும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்களாம்.

முதல் நாள் சாயங்காலம் கவினைப் பால் வாங்க அனுப்பினாள். போனவன் நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"கடைக்காரர் 'வசந்தாக்கா தம்பி பையனா?'ன்னு கேட்டார். பக்கத்துல பூ கட்டறவங்களும் அதையே கேட்டாங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்கப்பா."

"கஷ்டமா இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு முடிவே ஆகிவிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் கலாவிடம்கூடச் சொல்லாமல் ஒரு வீட்டு புரோக்கரைப் பார்த்து, தெற்கு வாசல் பக்கம் சின்னதாக வீடு கிடைக்குமா என்று விசாரித்தேன்.

ஒரு மத்தியானம் கவினை அரியமங்கலத்துக்குக் கூட்டிப்போனேன். என்னோடு வேலை பார்த்த அந்தோணி இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டான். டீ வந்தது. பேச்சுவாக்கில், "நம்ம ஊர்லயும் பசங்க கத்தி எடுக்கறானுங்களா?" என்று கேட்டேன். அவன் கவினைப் பார்த்தான். அக்கா மூலம் அவனுக்குச் செய்தி போயிருந்தது.

"போன மாசம் மூணு பேர் பைக்ல வந்தானுங்க. லாரி ஸ்பிரிங் பட்டைய நீட்டி, 'அண்ணே, இத அருவாளா அடிச்சுக் குடுங்க, பொறந்த நாளுக்கு கேக் வெட்டணும்'ங்கறான். கேக் வெட்ட அருவாளாடா?"

"குடுத்தியா?"

"குடுப்பனா? போலீஸ் வந்து எல்லாப் பட்டறைக்கும் சொல்லிட்டுப் போயிருக்கு. யாரு என்னன்னு தெரியாம அடிச்சுக் குடுத்தா நம்ம மேல கேசு. அதுலேர்ந்து கேட்டு வர்றது கொறஞ்சிருக்கு. பொய் சொல்லக் கூடாதுல்ல."

"அப்ப சட்டம் வேலை செய்யுதுங்கற."

"என் பட்டறைல செய்யுது. ஆன்லைன்ல வாங்கறவனுக்கு நான் என்ன பண்ண?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "என் தங்கச்சி மகன் சீர்திருத்தப் பள்ளில இருக்கான் முரளி. ஒரு வீடியோவுல இவன எவனோ கேலி பண்ணிருக்கான். அதுல ஆரம்பிச்சு, ஒருத்தன் கைய வெட்டிட்டான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு தங்கச்சியக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வருவேன். உள்ள போறப்ப சின்னப் பையனாத்தான் போனான். இப்ப அவன் பேசறதே வேற மாதிரி இருக்கு."

கவின் தமிழில் கேட்டான். அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிக் கோக்க வேண்டும். "அங்கிள், அவன் எதுக்கு… கைல வச்சிருந்தான்? பயமா?"

அந்தோணி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். "தெரியலியேப்பா" என்றான். "நாங்க யாரும் அவனக் கேக்கலியே."

திரும்பும்போது பஸ்ஸில் கவின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். "இங்கயும் இருக்குப்பா" என்றான்.

லண்டன் திரும்ப இன்னும் சில நாட்கள் இருக்கும்போது ஒரு விடியற்காலையில் மூவரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். அக்கா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கவின் காலைத் தண்ணீரில் விட்டபடி கேட்டான்.

"நான் இங்க படிச்சா நீங்களும் இங்க இருப்பீங்களா?"

"எப்படிடா? வேலை இருக்கே. அம்மாவும் அங்கதானே."

"அப்ப நான் மட்டும் எதுக்கு?"

உன் நல்லதுக்குத்தான் என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு எழுந்து மேல்படியில் போய் உட்கார்ந்தான்.

அக்கா ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். "புரோக்கர் நேத்து வீட்டுக்கு வந்துட்டுப் போனார்டா. பிள்ளைய அனுப்பறேன், அனுப்பறேன்னு சொல்ற. வர ஆசப்படறது நீதான்."

"தப்பா அக்கா?"

"தப்புன்னு யாரு சொன்னா? வர்றதுன்னா நீ வா. உனக்குப் பதிலா அவன அனுப்பாத."

ஆறு அத்தனை தண்ணீரோடு என் காலடியில் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக எதற்கு ஏங்கினேனோ அதன் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஏக்கம் குறையவில்லை. அன்றைக்குப் பள்ளிக்குப் போன் செய்து, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். மாடி அறையைப் பூட்டும்போது அக்கா அழுதாள். கவின் அவளைக் கட்டிக்கொண்டு, "லீவுக்கு வரேன் அத்தை" என்றான்.

5

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கவின் பிடிபட்டதிலிருந்து நாங்கள் யோகம் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. கடையில் எதிரில் வந்தால்கூட வேறு வரிசைக்குள் நுழைந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் மணியை அழுத்தினேன்.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். தேத்தண்ணி போடப் போனவரை நிறுத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. பிறகு கேட்டார். "பொலிஸ் பிடிக்கேக்க அவன் ஆரையும் ஒண்டும் செய்யேல்லையே?"

"இல்லக்கா."

"அண்டைக்கு அவன் முழுசா வீட்ட வந்தவன்தானே?"

"வந்தான்க்கா."

"அப்ப பிடிச்சது நல்லது."

நல்லது என்று எனக்கும் தெரியும். அந்தச் சாயங்காலம் போலீஸ் அவன் பையைத் திறக்காமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. சந்தில் அந்த இரண்டு பேரும், பையில் கத்தியோடு என் மகனும் என்றைக்காவது நேருக்கு நேர் நின்றிருப்பார்கள். அவனைக் காப்பாற்றியது சட்டம்தான். ஆனால் மண்டபத்தில் நான் கைதட்டல் வாங்கிய சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால், அந்தோணியின் தங்கையைப் போல நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். இரண்டையும் யோகம் அக்காவிடம் சொன்னேன். பயத்தில்தான் வைத்திருந்தான் என்றும் சொன்னேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"என்ர பிள்ளையக் குத்தினவனும் பயந்துதான் வச்சிருந்தவன் எண்டு கோட்டில வழக்கு நடக்கேக்க சொன்னவங்கள். அவன்ர பயத்துக்கு என்ர பிள்ளை செத்தவன் தம்பி."

நான் தரையைப் பார்த்தேன்.

"கையெழுத்த எடுக்கப் போறீங்களோ?"

"ஆமாக்கா. முதல் தடவையே ஜெயில்ங்கறதுக்கு இப்ப என்னால கையெழுத்து வைக்க முடியல. உங்களுக்கு எதிரா இல்ல."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சட்டம் வந்தா குறையுமோ எண்டு எல்லாரும் என்னட்டக் கேக்கினம். எனக்குத் தெரியாது. குறையும் எண்டு நினைச்சுத்தான் காலமை எழும்புறன். சும்மா இருக்க ஏலாது, அதுதான் வீடு வீடாப் போறன்" என்றார். வாசல் வரை வந்து, கதவைச் சாத்தும் முன் சொன்னார். "கவினை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. ஏச மாட்டன்."

அவனிடம் சொன்னேன். போக வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தான். பிறகு பள்ளி விட்டதும் தனியாகவே போனான். கலா ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"என்னடா சொன்னாங்க?" என்றாள் கலா.

"ஒண்ணும் பெருசா சொல்லல. புட்டு குடுத்தாங்க. அந்த அண்ணா ரூம்ல உக்கார வச்சாங்க. எப்ப பயந்தேன், யாரு மறிச்சா, எல்லாத்தையும் கேட்டாங்க. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அழுதாங்களா?"

"இல்ல." அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். "கிளம்பறப்ப மறந்துட்டு 'பிரணவன்'னு கூப்பிட்டாங்க."

"நீ என்னடா சொன்ன?"

"'சொல்லுங்கம்மா'ன்னேன்."